சாயா சரியில்லை என்றால் முதலில் கிணற்றைப் பாருங்கள்

மலையடிவாரத்துக் குலசேகரத்தில் வாங்கிய சாயாத்தூளைக் கொண்டுபோய்க் கடற்கரைப் பக்கத்து ராஜாக்கமங்கலத்தில் போட்டுப் பாருங்கள், அது வேறு சாயாவாகத்தான் இருக்கும். நிறம் கறுத்துவிடும், மேலே படலம் கட்டும், நாக்கின் ஓரத்தில் பிடிக்கிற அந்தச் சுருக்கு இருக்காது. உடனே வீட்டில் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "தூளில் கலப்படம்." பெரும்பாலும் தூளின் மேல் எந்தக் குற்றமும் கிடையாது. ஒரு கிளாஸ் கட்டன் சாயாவில், அதாவது பால் விடாத சாயாவில், நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கு தண்ணீர். மிச்சம் ஒரு பங்குதான் தேயிலையிலிருந்து இறங்கியது. தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு ஒன்றின்மேல் பழி போட்டுக்கொண்டிருக்கிறோம்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இது நன்றாகத் தெரியக் காரணம், இங்கே ஒரே ஒரு பஸ் பயணத்துக்குள் மூன்று நான்கு வகைத் தண்ணீர் வந்துவிடுகிறது. 1906-இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையின் தண்ணீரும் கோதையாற்றுத் தண்ணீரும் மலைப்பாறையில் வழிந்து வருகிற மழைத்தண்ணீர். அந்தப் பாறையில் கரைந்து வருவதற்குச் சுண்ணாம்பு அதிகம் இல்லை, அதனால் மென்நீர். நாகர்கோவிலுக்குக் குழாயில் வரும் முக்கடல் அணைத் தண்ணீரும் மலைத்தண்ணீர்தான். கடற்கரையை ஒட்டிப் போகப்போகக் கிணற்றில் உப்பும் கடினத்தன்மையும் ஏறும். மேற்கே செம்மண் மேடுகளில் சில கிணறுகளில் வேறொரு தொல்லை, இரும்பு. ஒவ்வொன்றும் சாயாவை ஒவ்வொரு விதமாகக் கெடுக்கும், ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. அதைப் பிரித்தறியாமல் தூளை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் காசைத்தான் கரைக்கிறார்கள்.

பிரித்தறிய எளிய வழி இருக்கிறது. தேயிலை ருசி பார்ப்பதற்கென்று ஐ.எஸ்.ஓ. 3103 என்று ஒரு தரமுறை 1980-இல் வந்தது. 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, மூடி வைத்து 6 நிமிடம், பிறகு வடிகட்டுவது. அவ்வளவுதான். அதையே வீட்டில் செய்யுங்கள். உள்ளே வெள்ளையாக இருக்கும் பீங்கான் கோப்பை நான்கு எடுத்து, குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர், கேன் தண்ணீர் என்று நான்கிலும் ஒரே தூளைப் போடுங்கள். ஒரே அளவு, ஒரே நேரம். தூளை நிறுக்க நகைக்கடைத் தராசு மாதிரி வரும் குட்டி டிஜிட்டல் தராசு போதும். அது இல்லாவிட்டால், தட்டையாக வழித்த ஒரு டீஸ்பூன் டஸ்ட் தூள் 2 கிராமிலிருந்து இரண்டரை கிராம் வரை வரும். பால் சேர்க்கக் கூடாது, சீனியும் கூடாது. வடிகட்டியபின் பத்து நிமிடம் தொடாமல் வைத்துவிட்டுப் பாருங்கள்.

மலைத்தண்ணீர்க் கோப்பை செம்பு நிறத்தில் தெளிவாக இருக்கும், அடியிலுள்ள வெள்ளை தெரியும். கடினநீர்க் கோப்பையைச் சன்னல் பக்கமாகச் சாய்த்துப் பிடியுங்கள். மேலே எண்ணெய் தெளித்த மாதிரி ஒரு மினுக்கம் தெரியும். கரண்டியின் நுனியால் மெதுவாகத் தொட்டால் அந்தப் படலம் உடைந்து, வற்றிய குளத்துச் சேறு வெடித்த மாதிரி சில்லுச் சில்லாக விலகும். ஒவ்வொரு சில்லும் தனியாக மிதந்து கோப்பையின் ஓரத்தில் போய் ஒட்டும். பிறகு கழுவும்போது போகாத பழுப்பு வளையம் அதுதான். தண்ணீரிலுள்ள கால்சியமும், தேயிலையின் துவர்ப்புப் பொருளும், மேலேயிருந்து படும் காற்றும் சேர்ந்து உண்டாக்குகிற படலம் அது. அழுக்கும் இல்லை, கலப்படமும் இல்லை. ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் படலம் மறையும், நிறமும் வெளுக்கும்.

இரும்புத் தண்ணீர்க் கோப்பை தனி ரகம். பத்து நிமிடத்தில் சிவப்பு போய்க் கருநீலம் கலந்த கறுப்பாகிவிடும். அந்தக் காலத்தில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து எழுத்து மை செய்தார்கள் இல்லையா, அதே வேலைதான் கோப்பைக்குள் நடக்கிறது. கடுக்காயின் இடத்தில் தேயிலையின் துவர்ப்பு, அன்னபேதியின் இடத்தில் கிணற்று இரும்பு. துருப்பிடித்த பழைய குழாயாலும் இது வரும். இரும்புச் சட்டியில் தேயிலை கொதிக்க வைக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

ஆர்.ஓ. தண்ணீர்க் கோப்பையைப் பார்த்தால் நிறம் பிரமாதமாக இருக்கும். குடித்தால் துவர்ப்பு மட்டும் முன்னால் நிற்கும், வாய் நிறையாது. தண்ணீரில் கொஞ்சமாவது தாது இருந்தால்தான் ருசிக்கு உடம்பு வருகிறது.

இனி வைத்தியம். கடினத்தன்மை கொதித்தால் போகிற வகையா என்பதை முதலில் பாருங்கள். வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்தால் அது போகிற வகை. அந்தத் தண்ணீரை ஐந்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு, அசைக்காமல் ஆறவைத்து, மேல்தண்ணீரை மட்டும் தெளித்தெடுத்துச் சாயாவுக்கு வைத்துக்கொள்ளலாம். உப்பு மட்டும் கொதித்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கூடத்தான் செய்யும். கடற்கரை வீடுகளில் ஆர்.ஓ. மூன்று பங்கு, கிணறு ஒரு பங்கு என்று கலந்து பார்ப்பதே நல்லது. கிணறு அதிக உப்பாக இருந்தால் ஐந்துக்கு ஒன்று. டி.டி.எஸ். மீட்டர் வைத்திருப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. அது தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்தத்தைத்தான் காட்டும். அதில் எவ்வளவு சாப்பாட்டு உப்பு, எவ்வளவு கால்சியம் என்று பிரித்துச் சொல்லாது. குடிநீருக்கான இந்தியத் தரமுறையில் டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள்ளும் கடினத்தன்மை 200-க்குள்ளும் இருக்க வேண்டும் என்கிறார்கள். குடிக்க அது சரி. சாயாவுக்கு டி.டி.எஸ். 50-க்கும் 150-க்கும் இடையில் இருந்தால் உத்தமம். இரும்புக்கு, தண்ணீரை வாயகன்ற பாத்திரத்தில் இரவு முழுக்கத் திறந்து வைத்தால் துருநிறமாக அடியில் கொஞ்சம் படியும். முழுக்கப் போகாது. அதற்கென்று வடிகட்டி வைப்பதுதான் தீர்வு. மழைக்குக் குறைவில்லாத மாவட்டம் இது. முதல் இரண்டு மழையைக் கூரையைக் கழுவ விட்டுவிட்டு அடுத்ததைத் துணி கட்டிப் பிடித்துக் கொதிக்க வைத்தால், சாயாவுக்கு அதைப்போல் தண்ணீர் கிடையாது.

தண்ணீர் சரியானபிறகு தூள். நம் ஊர்க் கடைகளிலும் வீடுகளிலும் புழங்குவது சி.டி.சி. முறையில் செய்த தூள். 1930-இல் அசாமில் வில்லியம் மெக்கெர்ச்சர் கொண்டுவந்த இயந்திர முறை அது. பல் வெட்டிய இரண்டு உருளைகளுக்கு நடுவே இலையை விட்டு நசுக்கி, கிழித்து, சுருட்டி எடுப்பது. இலை அவ்வளவு உடைந்திருப்பதால் சாறு ஒரு நிமிடத்தில் இறங்கிவிடும். டஸ்ட் என்றால் குப்பை என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சலித்துப் பிரிக்கும்போது வரும் நுண்ணிய அளவுக்கு அது பெயர், தரக்குறைவுக்குப் பெயர் அல்ல. சூப்பர் ரெட் டஸ்ட், சூப்பர் ஃபைன் டஸ்ட் என்றெல்லாம் அதற்குள்ளேயே தரம் உண்டு. பால் சேர்க்கும் சாயாவுக்கு டஸ்ட்தான் பொருத்தம். பாலைத் தாண்டி ருசி எழுந்து வர அந்த வேகமும் கடுப்பமும் வேண்டும்.

இரண்டு கிளாஸ் பால் சாயாவுக்கு ஒரு அளவு சொல்கிறேன். கிளாஸ் 150 மில்லி. தண்ணீர் 200 மில்லி, காய்ச்சிய பால் 120 மில்லி, டஸ்ட் தூள் 6 கிராம். தண்ணீர் நன்றாகத் தளைத்தபிறகுதான் தூள் போட வேண்டும். பச்சைத் தண்ணீரிலேயே தூளைப் போட்டு அடுப்பில் ஏற்றினால், தண்ணீர் சூடாகும் அத்தனை நேரமும் தூள் ஊறிக் கசப்பு முந்திவிடும். தூள் போட்டதும் தீயைக் குறைத்து ஒரு நிமிடம். அணைத்து மூடி இரண்டு நிமிடம். வடிகட்டி, தனியே சூடாக இருக்கும் பாலைச் சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்க வைக்கிற வீட்டுப் பழக்கம் தப்பில்லை. ஆனால் பாலின் புரதம் துவர்ப்பைப் பிடித்து வைத்துக்கொள்வதால் தூள் கூடுதலாகப் பிடிக்கும், அதிகநேரம் கொதித்தால் பால் வெந்த வாடையும் வரும். தனித்தனியாகச் செய்வதுதான் என் கட்சி.

நிறத்தைப் பார்த்தே பாதி தெரிந்துகொள்ளலாம். பால் விழுந்ததும் புது ஓட்டின் நிறம் வந்தால் எல்லாம் சரி. அடுப்புச் சாம்பலைக் கரைத்த மாதிரி மங்கினால் மூன்றில் ஒன்று: கடினநீர், நமத்த தூள், இல்லையென்றால் இரும்பு. நிறம் சரியாக இருந்து ருசி மட்டும் கசந்தால், தண்ணீர் தளைக்கும் முன் தூளைப் போட்டிருப்பார்கள். சப்பென்று இருந்தால் பால் கூடியிருக்கும். டோன்டு பாலில் கொழுப்பு 3 சதவீதம், ஸ்டாண்டர்டைஸ்டு பாலில் 4.5, ஃபுல் கிரீமில் 6. கொழுப்பு ஏற ஏறச் சாயா வழவழப்பாகும், துவர்ப்பு அமுங்கும், நுரை குறையும். கொழுப்பு நுரைக்குப் பகை. கடைக்காரர் தண்ணீர்ப் பாலில் அத்தனை நுரை எழுப்புவதும், வீட்டில் கெட்டிப் பாலில் எழாததும் இதனால்தான்.

ஆற்றுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உயரம் காட்டுவது வேடிக்கைக்கு. முதல் இரண்டு ஆற்றல் குறைந்த உயரத்தில், சீனி கரைவதற்காக. மூன்றாவது கை நீளத்துக்கு, காற்று ஏறுவதற்காக. நாலாவது நேரே கிளாசில். அதற்குமேல் ஆற்றினால் சூடு போய்விடும்.

கடைச் சாயாவின் ருசிக்குப் பாதிக் காரணம் துணி அரிப்பு. கம்பி வளையத்தில் தைத்த நீளமான பருத்தித் துணிப் பை. அதற்குள் தூள், மேலே கொதிநீர். இறங்கிய சாற்றை மறுபடி அதே தூளின் மேல் ஊற்ற வேண்டும், இரண்டு தடவை. உலோக வடிகட்டியில் நுண்ணிய தூள் கீழே இறங்கிக் கிளாசின் அடியில் உட்கார்ந்து கடைசி மடக்கைக் கசக்கச் செய்யும். துணியில் அது நடக்காது. புதுத் துணியில் கஞ்சிப்பசை இருக்கும். ஒருமுறை பயன்படுத்திய தூளோடு சேர்த்து இரண்டு தடவை கொதிக்கவைத்துக் கொட்டியபிறகே எடுக்க வேண்டும். சோப்பு மட்டும் படவே கூடாது, அந்த மணம் ஒரு வாரத்துக்குப் போகாது. வேலை முடிந்ததும் உள்ளே வெளியே திருப்பி வெந்நீரில் அலசி வெயிலில் தொங்கவிட வேண்டும். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் மறுநாள் சாயாவில் புளித்த வாடை அடிக்கும். பலர் பாலைச் சந்தேகப்படுவார்கள், குற்றவாளி துணி. துணியைச் சாயா நிறம் பிடித்ததற்காக மாற்ற வேண்டியதில்லை. தண்ணீர் இறங்கத் தாமதமானால் மாற்றுங்கள்.

கடைப் பாய்லரையும் அதேபோல் கவனிக்க வேண்டும். நடுவில் கரி எரியும் குழாய், அதைச் சுற்றித் தண்ணீர், கீழே சாம்பல் வாய், பக்கத்தில் பைப். சிரட்டைக் கரி போட்டால் புகை குறைவு, சூடு நின்று எரியும். கடினநீர் ஊரில் பாய்லரின் உள்சுவரில் சுண்ணாம்பு ஏறிக்கொண்டே போகும், கரி கூடுதலாகத் தின்னும். லிட்டருக்கு ஒரு டேபிள்ஸ்பூன் சிட்ரிக் ஆசிட் கரைத்து அரைமணி நேரம் சூடாக்கிக் கொட்டி, இரண்டு தடவை வெறும் தண்ணீர் விட்டுக் கழுவினால் போகும். புளிக்கரைசலும் கேட்கும், மெதுவாக. இரவு தங்கிய தண்ணீரைக் காலையில் கொட்டிவிட்டுத்தான் புதிது விட வேண்டும்.

சீனிக்குப் பதில் கருப்பட்டி போட ஆசைப்படுபவர்கள் திரிந்துபோன பாலைத்தான் முதலில் சந்திப்பார்கள். கருப்பட்டியில் லேசான புளிப்பு உண்டு. அக்கானி, அதாவது பதநீர், இறக்கும் கலயத்தில் சுண்ணாம்பு குறைந்து கொஞ்சம் புளித்திருந்தால் இன்னும் கூடும். ஆறிய பாலுக்கு அது பொருட்டில்லை, கொதிக்கும் பால் தாங்காது. ஆகவே கருப்பட்டியைப் பாலோடு கொதிக்க வைக்காதீர்கள். 100 கிராம் கருப்பட்டியை நொறுக்கி 100 மில்லி தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டுத் துணியில் வடிகட்டுங்கள். மண்ணும் தூசும் அதில் நிற்கும். அந்தப் பாகு ஃபிரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும். சாயா கிளாசில் விழுந்து ஒரு நிமிடம் ஆனபிறகு இரண்டு டீஸ்பூன் பாகு. கருப்பட்டிக்குத் தனி மணம் இருப்பதால் மென்மையான தூள் அதற்குக் கீழே அமுங்கிவிடும், கடுப்பமான டஸ்ட் போடுங்கள். பால் இல்லாத கட்டனில் இந்தக் கவலை எதுவும் வேண்டாம். கருப்பட்டியும் கட்டனும் சேர்ந்தால் அதற்கு இணை இல்லை என்பது என் தீர்மானமான கருத்து.

இஞ்சியும் பாலைத் திரிக்கும், காரணம் வேறு. பச்சை இஞ்சியில் புரதத்தை உடைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. 5 கிராம் இஞ்சியை நசுக்கித் தண்ணீரில் போட்டு மூன்று நிமிடம் கொதிக்கவிட்டால் அந்த நொதி செத்துவிடும், பிறகு பால் சேர்த்தால் ஒன்றும் ஆகாது. சுக்கில் இந்தத் தொல்லை கிடையாது என்றே சொல்லலாம்.

கிராம்புக்கு வெளியூர் போக வேண்டாம். மாறாமலையிலும் சுற்றிலுமுள்ள எஸ்டேட்களிலும் விளையும் கன்னியாகுமரி கிராம்புக்குப் புவிசார் குறியீடு உண்டு. நல்ல கிராம்பை நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசியும். தண்ணீரில் போட்டால் மூழ்கும், அல்லது தலை மேலாக நேராக நிற்கும். படுத்து மிதந்தால் எண்ணெய் எடுத்த சக்கை. இரண்டு கிளாசுக்கு ஒரு கிராம்பு போதும், தட்டிப்போட்டுத் தண்ணீரோடு தளைக்க வேண்டும். இரண்டு போட்டால் நாக்கு மரத்துத் தேயிலையே தெரியாது.

கட்டனில் மார்த்தாண்டத்துத் தேன் விடுபவர்களுக்கு ஒரு சொல். ரப்பர்த் தோட்டத்துத் தேன் சீக்கிரம் உறையும். அடியில் சீனி மாதிரிக் கட்டிவிட்டது என்று கலப்படமாக எண்ணிவிடாதீர்கள், அந்தத் தேனின் இயல்பு அது. பாட்டிலை வெந்நீரில் வைத்தால் இளகும். குடிக்கிற சூட்டுக்குச் சாயா ஆறியபிறகு விடுங்கள், கொதிக்கும்போது விட்டால் மணம் போய்விடும். ஆறிய கட்டன் சாயா கலங்கிப்போனாலும் பயப்பட வேண்டாம். தேயிலையின் சிவப்புப் பொருளும் காஃபினும் குளிரில் ஒன்றோடொன்று சேர்வதால் வரும் கலங்கல் அது. சூடாக்கினால் தெளிந்துவிடும். கலங்காத கட்டன் பெரும்பாலும் தண்ணீராகப் போட்டதாகத்தான் இருக்கும்.

இலைத்தேயிலைக்கு, அதாவது நீலகிரி ஆர்த்தடாக்ஸ் மாதிரி முழு இலைக்கு, மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அதைக் கொதிக்க வைக்கக் கூடாது, பாலும் வேண்டாம். 150 மில்லிக்கு 3 கிராம், 95 டிகிரி, மூன்று நிமிடம். அதே இலையை இரண்டாம் தடவை நான்கு நிமிடம் ஊறவைக்கலாம். கிரீன் டீ என்றால் 75 முதல் 80 டிகிரி, இரண்டு நிமிடம். கசக்கிறது என்று கிரீன் டீயை விட்டவர்களில் பாதிப்பேர் கொதிநீரை அப்படியே ஊற்றியவர்களாக இருப்பார்கள். தெர்மாமீட்டர் இல்லையென்றால் பாத்திரத்தைப் பாருங்கள். அடியில் கடுகளவு குமிழ்கள் ஒட்டிக்கொண்டிருந்தால் கிரீன் டீக்கு ஏற்ற சூடு. குமிழ்கள் மணிச்சரம் மாதிரி மேலே ஏறத் தொடங்கினால் தொண்ணூறை நெருங்குகிறது. இலைக்கு எவர்சில்வர் டம்ளர் வேண்டாம். விளிம்பு உதட்டைச் சுடும், ஆனால் உள்ளே இருப்பது சீக்கிரம் ஆறிவிடும். மெல்லிய பீங்கான், அல்லது மூடியுள்ள சிறு கோப்பை நல்லது. எந்தப் பாத்திரமானாலும் முதலில் வெந்நீர் விட்டுச் சூடாக்கிக் கொட்டிவிட்டு ஊற்றுங்கள். குளிர்ந்த கோப்பை பத்து டிகிரி வரை விழுங்கிவிடும். எலுமிச்சை பிழியும் கட்டனை ஈயம் பூசாத பித்தளையிலோ அலுமினியத்திலோ வைக்கக் கூடாது.

இரண்டு பருவமழையும் பெய்கிற ஊரில் தூளைக் காப்பது தனி வேலை. தொழிற்சாலையில் கட்டும்போது தூளில் ஈரம் 3 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். திறந்த பாக்கெட் மழைக்காலத்தில் ஒரு வாரத்தில் நமத்துவிடும், சாயா சப்பென்றாகும். கால் கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள். இறுக மூடும் டின், காய்ந்த கரண்டி, அடுப்பின் ஆவி படாத தட்டு. கருவாட்டுப் பானை இருக்கும் தட்டில் ஒருநாளும் வேண்டாம், கிராம்பு டப்பாவுக்குப் பக்கத்திலும் வேண்டாம். தேயிலை எந்த மணத்தையும் இழுத்துக்கொள்ளும், திருப்பிக் கொடுக்காது.

கிளாசில் ஏறிய பழுப்புக் கறைக்குக் கம்பி நாரைத் தொடாதீர்கள். கீறல் விழுந்தால் அடுத்த கறை அந்தக் கீறலில்தான் முதலில் உட்காரும். ஒரு டீஸ்பூன் ஆப்பசோடாவை ஈரத்துணியில் தொட்டுத் தேய்த்து, பத்து நிமிடம் விட்டு, வெந்நீரில் கழுவினால் போதும். கடினநீர் ஊர்க்காரர்கள் அதற்கு முன்பே பிழிந்த எலுமிச்சைத் தோலால் ஒருமுறை தேய்த்துவிட்டால், துவர்ப்போடு சேர்ந்து படிந்த சுண்ணாம்பும் அதோடு போய்விடும்.